முன்பே சொல்லியிருக்கலாமே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ‘இரவுப் பணி’ சிறுகதையை வாசித்தேன். அந்த நர்ஸ் கறுப்பினப் பெண் என்பது ஏழாம் பக்கத்தில்தான் தெரிகிறது. அதுவரை வெள்ளைக்காரி என்றே நினைத்திருந்தேன். முன்பே சொல்லியிருந்தால் வேறு மாதிரி வாசித்திருப்பேன். நிறவெறிக்கு எதிரான கதை என்று எடுத்துக்கொள்ளலாமா? இதன் மெசேஜ் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மெசேஜ் என்று எதுவும் என்னிடம் இல்லை. நல்ல நோக்கத்தோடு எழுதப்படும் எதிர்ப்பு நாவல் மனிதர்களை எப்படிச் சுருக்கிவிடுகிறது என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949-லேயே எழுதிவிட்டார். தேடி வாசியுங்கள்.

‘வேறு மாதிரி வாசித்திருப்பேன்’ என்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். ஒளிக்காமல் சொன்னதால் உங்கள் மேல் பிரியம் கூடுகிறது. கோபமும் வருகிறது. வேறு மாதிரி என்றால் எப்படி? விடியும்வரை நோயாளியின் கையைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாளே, ஏழாம் பக்கத்துக்குப் பிறகு அது வேறொன்றாகிவிட்டதா? வெள்ளைக்காரி என்று நான் எங்கே எழுதினேன்? நிறம் சொல்லாவிட்டால் வெள்ளை என்பது நீங்கள் கையோடு கொண்டுவந்தது.

நானும் இங்கே சறுக்கியவன்தான். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘ரெசிடேடிஃப்’ 1983-ல் வந்த சிறுகதை. ட்வைலா, ராபர்ட்டா என்ற இரண்டு எட்டு வயதுச் சிறுமிகள் ஒரு காப்பகத்தில் சந்திக்கிறார்கள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. யார் எது என்று மாரிசன் கடைசிவரை சொல்வதில்லை. நான் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். ஒருத்தியின் அம்மா இரவெல்லாம் நடனமாடுகிறவள், கோடு போட்டேன். இன்னொருத்தியின் அம்மா பெரிய சிலுவை அணிந்து வருகிறாள், அதற்கும் கோடு. ஒருத்தி பின்னாளில் பணக்காரனை மணக்கிறாள், இரட்டைக் கோடு. ட்வைலாதான் கறுப்பு என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். சில வருடம் கழித்து அதே பிரதியைத் திறந்தேன். கறுப்பர்கள் என்றால் இப்படி, வெள்ளையர்கள் என்றால் இப்படி என்று நான் நம்பிவந்ததெல்லாம் வரிசையாகக் கோடு போட்டுக் கிடந்தது. கூசிப்போனேன்.

அந்தக் காப்பகத்துச் சமையலறையில் மேகி என்று ஒருத்தி வேலை பார்க்கிறாள். வளைந்த கால்கள், பேச்சு வராது. வளர்ந்த பிறகு தோழிகள் இருவரும் அவள் கறுப்பா இல்லையா என்று சண்டை போடுகிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து துப்புத் துலக்கினேன். உதைபட்டபோது அவளால் கத்தக்கூட முடியாது என்ற இடத்தில் என் பிரதியில் ஒரு கோடுகூட இல்லை. மேகிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபடிதான் கதையே முடிகிறது.

உங்கள் கடிதத்தில் அந்த நோயாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை, எஸ். விடிவதற்கு முன் அவர் அவளிடம் என்ன கேட்டார், நினைவிருக்கிறதா?