மூக்கில் அடைப்பு இல்லை, வாசனையும் இல்லை

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் கடுமையான சளிக்காய்ச்சல். காய்ச்சலோடு வாசனையும் போய்விட்டது. மூச்சு நன்றாக விட முடிகிறது, ஸ்கேனிலும் கோளாறு இல்லை. தைலம் மட்டும் சுருக்கென்று தெரிகிறது. சாப்பாடு மண்ணாக இருக்கிறது. வாசனை திரும்ப வருமா, டாக்டர்?

பதில்: வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அடைப்பே இல்லாமல் வாசனை எப்படிப் போகும் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். இந்தக் குறையோடு என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வதே, யாரும் நம்பவில்லை என்பதைத்தான். நான் நம்புகிறேன்.

மூக்குத் துவாரம் வெறும் வழி. வாசனையை அறியும் திசு மூக்குக்குழியின் கூரையில், கண்களுக்கு நடுவே உள்ள உயரத்தில், ஒரு பக்கத்துக்குச் சில சதுர சென்டிமீட்டர் அளவே இருக்கிறது. அந்த இடுக்கின் அகலம் ஓரிரு மில்லிமீட்டர்தான். சாதாரண மூச்சில் பெரும்பாலான காற்று அதற்குக் கீழேயே போய்விடும். 'ம்ம்' என்று இழுத்து முகரும்போதுதான் மேலே போதுமான காற்று ஏறும்.

அங்கே பல லட்சம் நரம்பணுக்கள் (நரம்பு செல்கள்) நுண்ணிய இழைகளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சளிப்படலம் மட்டுமே. வாசனை மூலக்கூறு அந்தச் சளியில் கரைந்து, நரம்பணுவின் ஏற்பியில், அதாவது மூலக்கூறைப் பிடிக்கும் புரதத்தில், பொருந்த வேண்டும். மனிதரிடம் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. ஓர் அணுவில் ஒரே ஒரு வகை. ஒரு வாசனை பல வகைகளைக் கூடவும் குறையவும் தூண்டும். அந்தக் கலவையை வைத்துத்தான் மூளை இன்னதென்று சொல்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-ல் கண்டறிந்தார்கள். 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அணுக்களின் வால்கள் மூக்குக்கும் மூளைக்கும் நடுவே உள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியே மேலேறி, மூளையின் அடியில் உள்ள முகர்வுக் குமிழை அடைகின்றன. வைரஸ் தாக்குவது இந்தத் திறந்த படலத்தைத்தான். கோவிட்டில் நரம்பணுக்களைவிட அவற்றைத் தாங்கும் அணுக்களே முதலில் அடிபட்டன. நல்ல செய்தி என்னவென்றால், இந்த நரம்பணுக்கள் அடித்தளத்திலிருந்து வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கக்கூடியவை. நரம்பு மண்டலத்தில் இது அபூர்வம். முளைத்த அணுவின் வால் சல்லடையைத் தாண்டி, குமிழில் தன் இடத்தைத் தேடிச் சேர வேண்டும். அதற்குத்தான் காலம் பிடிக்கிறது. நடுவில் காபி கருகலாகவோ அழுகலாகவோ நாறலாம். பெரிய வேதனைதான், சாப்பிடவே பிடிக்காது. ஆனாலும் அது பெரும்பாலும் நரம்பு துளிர்ப்பதன் அடையாளம். அப்படி ஒருவர் வந்து சொல்லும்போது எனக்கு நம்பிக்கை கூடும்.

தைலம் தெரிவது வேறு கணக்கு. அந்தக் குளிர்ச்சியும் சுருக்கும் முகத்தின் உணர்வு நரம்பு வழியாக வருபவை. அது வாசனை அல்ல. உங்கள் நாக்கும் நன்றாகவே இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சி, காளான் போன்றவற்றின் சாறுச் சுவை) ஆகியவற்றை அது சொல்லும். மற்ற ருசியெல்லாம் மெல்லும்போது தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறும் மணம்.

சரி, என்ன செய்யலாம்? முகர்வுப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை இது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு எண்ணெய்களைக் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர்வது. ஒவ்வொன்றையும் சில விநாடிகள், அதன் மணத்தை நினைவில் கொண்டுவந்து முகருங்கள். எதுவும் தெரியாத நாட்களிலும் விடாதீர்கள். கேஸ் கசிவைக் காட்டும் கருவி ஒன்றை அடுப்படியில் மாட்டுங்கள். கெட்டுப்போன உணவை முகர்ந்து முடிவுசெய்யாமல் தேதியைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, மூக்கில் ரத்தம், தலையில் அடி இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நான் போட்ட சென்ட் கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிவதில்லை. மூக்கில் கோளாறா?

பதில்: இல்லை. மாறாமல் இருக்கும் வாசனையை ஏற்பிகளும் மூளையும் ஒதுக்கிவிடும். வெளியே போய் வந்தால் மறுபடி தெரியும். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு விஷயம் வேறு. அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு, செறிவு கூடும்போது முகர்வையே மரத்துப்போகச் செய்யும். கழிவுநீர்த் தொட்டியில் நாற்றம் நின்றுவிட்டதே என்று யாரும் இறங்கக் கூடாது. மூக்கை நம்பாமல், வாயு அளக்கும் கருவியால் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.