லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன் ஏன் இத்தனை தள்ளுமுள்ளு?

கேள்வி: இஸ்லாமிய ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். லுஹருக்கு 60 பிள்ளைகள். குழாய் 6, நேரம் 10 நிமிடம். உளூ (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுதல்) செய்யுமிடத்தில் தள்ளுமுள்ளு, ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) பேச்சு. தண்டனையாகச் சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) பத்து முறை எழுதவைத்தும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தண்டனையை இன்றே நிறுத்திவிடுங்கள். தண்டனையாக எழுதிய சூராவைப் பிள்ளை எப்படி ஆசையோடு ஓதும்?

தள்ளுமுள்ளுக்குக் காரணம் குழாய்க் கணக்கு. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றாலே 60 பேருக்கு 15 நிமிடம் ஆகும். உங்களிடம் இருப்பதோ பத்து. பிந்தினால் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தவறிவிடும் என்று பயந்துதான் ஓடுகிறார்கள். எனவே பாதிப் பேரை முந்தைய பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்திலேயே ஆறு ஆறு பேராக அனுப்புங்கள். குழாயை முழுக்கத் திறந்தால் தரை வழுக்கும். விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்தால் போதும். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ என்னும் அளவுத் தண்ணீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவாக, உளூச் செய்தார்கள். அந்த அளவைக் குவளையில் ஊற்றிக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அவசரத்தில் நனையாமல் விடுபடுவது பெரும்பாலும் குதிகால். அதை மட்டும் ஒரு மூத்த மாணவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஸஃப்புக்கு விரிப்பில் ஒரு கோடு ஒட்டி, குதிகாலை அதில் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனியை வைத்தால், பாத நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் வரிசை கோணும். ஆளுக்கொரு நிரந்தர இடம் கொடுங்கள். இணைபிரியாத தோழிகளுக்கு இடையே இருவரை நிறுத்துங்கள்.

பேச்சுக்கு வேறு காரணம். லுஹரில் இமாம் சத்தமில்லாமல் ஓதுவார். என்ன ஓதுவதென்று தெரியாத பிள்ளைக்கு அந்த நான்கு ரக்அத்தும் (தொழுகைச் சுற்றும்) வெறும் காத்திருப்புதான். வகுப்பில் வாரம் இருமுறை, நிலைக்கு நிலை என்ன ஓத வேண்டும் என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். பலன் தர மாதக்கணக்கில் ஆகலாம், ஆனாலும் இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாம் வகுப்பென்றால் எட்டு வயது. ஏழு வயதில் தொழ ஏவுங்கள் என்கிறது ஹதீஸ்; கண்டிப்பைப் பத்து வயதுக்குத்தான் சொல்கிறது. இடைப்பட்ட மூன்றாண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழுகை வேளைகள் வருகின்றன. அத்தனையும் கற்பிப்பதற்கான அவகாசம், பிரம்புக்கானதல்ல. பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூட ‘சீ’ என்று சொன்னதில்லை.

யாராவது குழப்பம் செய்தால் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பின் தனியே அழைத்து ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆசிரியர்கள் பின்னால் நின்று அதட்ட வேண்டாம். பிள்ளைகளோடு ஸஃப்பில் நில்லுங்கள். தொழ இயலாத நாட்களில் மட்டும் பின்னால் அமர்ந்து கவனித்தால் போதும்.