குடிவரவு அதிகாரிகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு எதற்கு? திணைக்களத்திலேயே முறைப்பாட்டுப் பிரிவு இருக்கிறதே?

உங்கள் ஆள் யாரும் வெளிநாட்டுத் தடுப்பில் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

என் தம்பியை ஒரு மேற்கு நாடு திருப்பி அனுப்பியது. எந்த நாடு என்று எழுதமாட்டேன்; அவனுடைய மனு ஒன்று அங்கே இன்னும் நிலுவையில் இருக்கிறது. விமானத்தில் ஏற்றும்போது இரண்டு காவலர்கள் கையைப் பின்னால் முறுக்கியதில் தோள்மூட்டு விலகிவிட்டது. அந்தத் தோளோடுதான் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினான். யாழ்ப்பாணத்தில் எடுத்த எக்ஸ்ரே, வைத்தியரின் கடிதம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, முறைப்பாட்டை நானே அனுப்பினேன்.

மரியாதையான ஒரு பக்கப் பதில் வந்தது. தேவையான அளவு பலமே பிரயோகிக்கப்பட்டதாம். கையொப்பமிட்டவர் அந்தக் காவலர்களை அனுப்பிய பிரிவுக்கே பொறுப்பானவர். கமெராப் பதிவைக் கேட்டேன். காலக்கெடு கழிந்து அழிந்துவிட்டது என்றார்கள். அடிபட்டவனிடம் தொலைபேசியில்கூட ஒரு வார்த்தை கேட்காமலே விசாரணை முடிந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

‘களவாகப் போனவனுக்கு என்ன நியாயம்’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: வழக்கில் தோற்றவரைத் திருப்பி அனுப்ப ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. தோளைக் கழற்றும் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற உறவினர்களே அந்த ‘என்ன நியாயம்’ பேச்சை என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எண்பதுகளில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, வேறு ஒருவரின் பாஸ்போர்ட்டில் போனவர்கள் அவர்கள். அன்று அவர்களுக்காக நகை அடகு வைத்தவர் என் அம்மா.

சரி, கேள்விக்கு வருகிறேன். கனடாவில் ஆர்.சி.எம்.பி. பொலிஸ் மீதான முறைப்பாடுகளைப் பார்க்க 1988 முதல் வெளி ஆணைக்குழு ஒன்று இருக்கிறது. ஆளைப் பிடித்து அடைக்கும் அதிகாரம் உள்ள எல்லைச் சேவை முகவரகம் 2003இல் உருவானது. அதற்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. 2010இல் சன் சீ கப்பலில் போன நம்மவர்கள் 492 பேரையும் தடுத்து வைத்தது அந்த முகவரகம்தான். தடுப்பைத் தொடரலாமா என்று குடிவரவுச் சபையின் உறுப்பினர் ஒருவர் 48 மணி நேரத்துக்குள்ளும், அடுத்த 7 நாட்களிலும், பின்னர் 30 நாட்களுக்கு ஒருமுறையும் பார்ப்பார். ஆனால் அதிகாரி எப்படி நடந்துகொண்டார் என்று விசாரிப்பது அவருடைய வேலையன்று. 2013 டிசம்பரில் வான்கூவர் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த மெக்சிக்கோப் பெண் ஒருவரின் மரணம் வெளியே தெரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. ஆர்.சி.எம்.பி., எல்லைச் சேவை முகவரகம் இரண்டையும் ஒரே வெளி ஆணைக்குழுவின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் 2024 அக்டோபரில்தான் நிறைவேறியது.

பெயருக்கு ஓர் அமைப்பு இருந்தாலும் போதாது. பிரித்தானியாவில் தடுப்பு மையங்களுக்குப் பரிசோதகர்களும் தொண்டர் குழுக்களும் போகிறார்கள். இருந்தும் புரூக் ஹவுஸ் என்ற தடுப்பு மையத்தில் நடந்த கொடுமைகள் அம்பலமானது 2017இல் ஓர் ஊழியர் ஒளித்துக் கொண்டுபோன பிபிசி கமெராவால். 2023இல் வந்த விசாரணை அறிக்கை, ஐந்து மாத காலத்துக்குள் அப்படிப்பட்ட 19 சம்பவங்களை அடையாளம் கண்டது. ஆகவே சொல்லாமல் உள்ளே நுழையவும், பதிவுகளை அழியவிடாமல் தடுக்கவும், நாடு கடத்தப்பட்டவரிடம் அவருடைய மொழியில் வாக்குமூலம் எடுக்கவும் அந்த அமைப்புக்கு அதிகாரம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் செஞ்சிலுவைக்காரர் பெயரைப் பதிந்துவிட்டார்களா என்றுதானே தாய்மார் முதலில் கேட்டார்கள்? பிடித்தவனிடம் போய் முறையிடச் சொன்னால் யார் போயிருப்பார்கள்?

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்போது தடுப்பில் இருந்தால், கமெராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி வழக்கறிஞர் மூலம் இன்றே எழுத்தில் கேளுங்கள். முறைப்பாட்டைப் பிறகு எழுதலாம்.