‘தி மார்ஷியன்’ படத்தில் வரும் பாத்ஃபைண்டர்: கேள்வி பதில்

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்காகப் போட்ட ‘தி மார்ஷியன்’ (2015) படத்தைப் பார்த்தவர்கள், கேள்விகளை எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர், மணலில் புதைந்த பழைய விண்கலம் ஒன்றைத் தோண்டி எடுத்து, அதை வைத்துப் பூமியோடு பேசுகிறாரே, பெரும்பாலான கேள்விகள் அந்தக் கலத்தைப் பற்றித்தான். எனக்கும் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

சேர், அந்தக் கலம் உண்மையிலேயே இருக்கிறதா? (மாணவி, தலவாக்கலை)

இருக்கிறது மகள். மார்ஸ் பாத்ஃபைண்டர். 1996 டிசம்பர் 4 இல் ஏவினார்கள். 1997 ஜூலை 4 இல், ஏரிஸ் வாலிஸ் என்ற பழைய வெள்ளப் பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. விழுந்தது என்றே சொல்லலாம். சுற்றிவர காற்றுப் பைகள் ஊதிக்கொள்ள, குறைந்தது 15 தடவை துள்ளி உருண்டுதான் நின்றது. உள்ளே இருந்தது சொஜர்னர் என்ற ஆறு சக்கர ஊர்தி. நிறை பத்தரைக் கிலோ, வேகம் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர். ஒரு வாரம் ஓடினால் போதும் என்று செய்த ஊர்தி அது. ஏறத்தாழ மூன்று மாதம் உழைத்தது.

மணலில் புதைந்திருப்பது மட்டும் கற்பனை. 2006 இல் செவ்வாயைச் சுற்றும் இன்னொரு கலம் மேலிருந்து எடுத்த படத்தில் பாத்ஃபைண்டர் நன்றாகவே தெரிகிறது.

சுற்றும் கமராவை வைத்துப் பேசுவது நடக்கக்கூடியதா? (மாணவன், மஸ்கெலியா)

நடக்கும். படத்தில் நான் முழுதாக நம்பும் இடம் அது. பாத்ஃபைண்டரின் கமரா தண்டின் மேலே நின்று சுற்றிவரப் பார்க்கும். எந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும் என்று பூமியிலிருந்து கட்டளை போகும். நாயகன் முதலில் 26 ஆங்கில எழுத்துகளையும் ஒரு கேள்விக்குறி அட்டையையும் வட்டமாக வைக்க நினைக்கிறார். 360 பாகையை 27 ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் அட்டைக்கு 13 பாகைதான் வருகிறது. கமரா எந்த அட்டையைக் காட்டுகிறது என்பதில் குழப்பம் வந்துவிடும். அதனால் பதினறும முறைக்கு மாறுகிறார்: பூச்சியம் முதல் 9 வரை, பிறகு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை, மொத்தம் 16. இப்போது ஓர் அட்டைக்கு 21 பாகைக்கு மேல் கிடைக்கிறது. ‘ஏ’ என்ற எழுத்துக்குக் கணினிக் குறியீடு 41. கமரா முதலில் 4 பக்கம் திரும்பும், அப்புறம் 1 பக்கம். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் எண் முறைகளை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டுவேன்.

இவ்வளவு தூரத்திலிருந்து மென்பொருளை மாற்ற முடியுமா? (ஐசிடி மாணவன், பண்டாரவளை)

இதே கலத்தில் மாற்றியிருக்கிறார்கள் தம்பி! இறங்கிச் சில நாளில் பாத்ஃபைண்டரின் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கும் பணி ஒன்று இருந்தது, முன்னுரிமை குறைந்தது. தரவுப் பாதையின் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் பாதையைப் பயன்படுத்த விடும் ஏற்பாடு) அதன் கையில் இருக்கும்போது, நடுத்தர முன்னுரிமையுள்ள தொடர்பாடல் பணி குறுக்கே புகுந்து ஓடும். முன்னுரிமை கூடிய பணியோ அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும். குறித்த நேரத்தில் அது முடியவில்லை என்று கண்டதும் காவல் நிரல் கணினியையே ரீசெட் செய்துவிடும். கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்தில், கலத்தின் நகலை வைத்து இதே பிழையை வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிடும் வசதி ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதை இயக்கிவிடும் சிறு திருத்தத்தை அனுப்பினார்கள், ரீசெட் நின்றது. இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் இயங்குதளப் பாடத்தில் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

படத்தில் ஆய்வுகூடத்தில் இன்னொரு பாத்ஃபைண்டரை வெளியே எடுக்கிறார்களே, அதுவும் பொருத்தமான காட்சிதான்.

அண்ணே, நுவரெலியா உறைபனிக்கே என் மோட்டார் சைக்கிள் பற்றரி படுத்துவிடுகிறது. அத்தனை வருஷம் கிடந்த கலம் எப்படி உயிர் பெறும்? (ஒரு மாணவியின் தந்தை)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அங்கே இரவில் மறை 75 பாகை செல்சியஸ் வரை இறங்கும். கடைசித் தரவு வந்தது 1997 செப்டம்பர் 27 இல். பற்றரி செயலிழந்து, இரவில் உள்ளே சூடு வைக்க முடியாமல் போனதே காரணம் என்று கருதினார்கள். படத்தில் நாயகன் வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதால் பற்றரி பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் இத்தனை வருஷக் குளிரிலும் வெயிலிலும் சுருங்கி விரிந்த பற்றாசு இணைப்புகள் விட்டுப்போகாமல் இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. படத்தை நகர்த்த எடுத்துக்கொண்ட சலுகை அது, நான் மன்னித்துவிடுகிறேன்.

பெரிய தாய்க்கலமும் உண்மையா? (மாணவன், பதுளை)

இல்லை. ஹெர்மிஸ் முழுக்கக் கற்பனை.

சூட்டுக்காக வண்டியில் வைத்துக்கொள்ளும் புளூட்டோனியப் பெட்டி? (ஆசிரியை, கொட்டகலை)

அது உண்மையான தொழில்நுட்பம் மிஸ். 2012 இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தியிலும் 4.8 கிலோ புளூட்டோனியம் டையொக்சைட்டு இருக்கிறது. தொடக்கத்தில் கிடைத்த மின்சாரம் சுமார் 110 வாற்று, வெப்பமோ 2,000 வாற்று அளவில். குளிருக்கு அந்த வெப்பத்தைப் பயன்படுத்துவது சரியான யோசனை.

செவ்வாயை இங்கிருந்து பார்க்கலாமா? (மாணவி, பொகவந்தலாவை)

தாராளமாக. 2027 பெப்ரவரி 19 ஐ ஒட்டி, பொழுது சாயும்போது கிழக்கே சிம்ம ராசியில் சிவப்பாக எழும், வெறும் கண்ணே போதும். பெப்ரவரியில் நம் பக்கம் மழை குறைவு, வானம் கிடைக்கும். அப்போது செவ்வாய் ஏறத்தாழ 10 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். ஒரு சமிக்ஞை போய்ச்சேர ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.