ஆங்கிலக் கேள்வியின் கடைசியில் ஃபோர் (for) வந்தால் பிழையா?

கேள்வி: பரந்தன் சந்தியில் நின்ற வெளிநாட்டுக்காரரிடம் "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபோர்?" என்று கேட்டேன். ஃபோர் முன்னுக்கு வரவேண்டுமாம், அண்ணா சிரிக்கிறார். எது சரி?
– சாதாரண தர மாணவி, கிளிநொச்சி

பதில்: நீங்கள் கேட்டதுதான் சரி தங்கச்சி, அண்ணா சும்மா சிரிக்கிறார். பேச்சில் ஃபோர், வித், அபௌட் எல்லாம் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும். "ஃபோர் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்?" என்பதும் பிழையில்லை, ஆனால் பஸ் தரிப்பிடத்தில் அப்படிக் கேட்டால் நீதிமன்ற விசாரணை மாதிரி இருக்கும்; முன்னுக்குக் கொண்டுபோனால் ஹூ, ஹூம் ஆகிவிடும், அதைக் கவனியுங்கள். கடைசியில் வைப்பதை 1672இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் குறை சொன்னார், அந்தக் கண்டிப்பை இன்னும் சிலர் விடவில்லை. சின்ஸ் (since) வேறு கதை, அது முன்னுக்குத்தான்: "சின்ஸ் வென் ஹாவ் யூ லிவ்ட் இன் வவுனியா?"