கொடுவாக் குஞ்சு சுழன்று சாகிறது, மருந்து வாங்கலாமா?

கேள்வி: ஐயா, சீர்காழி பக்கம் கொடுவா மீன் வளர்க்கிறேன். தொட்டியில் விட்ட ஒன்றரை அங்குலக் குஞ்சுகள் கறுத்துப்போய், சுழன்று சுழன்று நீந்தி, வயிறு மேலாக மிதந்து சாகின்றன. கடைக்காரர் தந்த ஆன்டிபயாடிக் இரண்டு சுற்று போட்டாகிவிட்டது. ஃபார்மலினில் போட்டு அனுப்பிய குஞ்சுகளை, 'செல் லைனில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் மீன் செல்களில்) வைரஸ் வளர்க்க இது உதவாது' என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து வந்திருக்கிறதாம், கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சுழல்வதைப் பார்த்தால் வி.என்.என். என்கிற நரம்பு நோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைக் கொண்டுவரும் நோடா வைரஸ் மூளையையும் விழித்திரையையும் அரிக்கும். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது; இரண்டு சுற்றிலும் லாபம் கடைக்காரருக்குத்தான்.

ஆய்வகத்தின் மேல் கோபம் வேண்டாம். ஃபார்மலின் வைரஸைக் கொன்றுவிடும், செத்த வைரஸ் செல்லுக்குள் பெருகாது. திசுவை வெட்டிப் பார்க்க மட்டும் அந்த மீன் ஆகும். இனி, உயிர் ஊசலாடும் குஞ்சுகளைப் பையில் கட்டி, ஐஸ் நடுவே வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பார்க்கச் சிலவற்றைத் தனியாக ஆல்கஹாலில் போடுங்கள்.

கடைக்காரரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: "இந்த மருந்தை எந்தச் செல் லைனில் சோதித்தீர்கள்?" மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் ஆய்வாளர் சாகுல் ஹமீது குழுவினர் கொடுவாவின் மண்ணீரலிலிருந்தே செல் லைன் உருவாக்கி 2006-இல் வெளியிட்டார்கள். குடுவையின் அடியில் செல்கள் பாய் விரித்தாற்போல் ஒட்டி வளரும். நோடா வைரஸ் ஏறினால் செல்லுக்குள் குமிழ் குமிழாகத் தெரியும். சில நாளில் செல்கள் கழன்று விரிப்பே கிழியும். மருந்தில் ஊறிய வைரஸைச் செல்களின் மேல் விட்ட பிறகும் விரிப்பு கிழிகிறதா? அந்த மருந்து தண்டம். மருந்தே செல்லைக் கொன்றாலும் தண்டம்தான். இதில் தேறினாலும் பாதிக் கிணறுதான், குடுவையில் உங்கள் தொட்டியின் தீவன எச்சமும் சேறும் கிடையாதே. இந்தச் சோதனைத் தாளைக் காட்டாதவரிடம் பத்து ரூபாய்க்குக்கூட வாங்கக் கூடாது என்பது என் கட்சி. (இறால்காரர்கள் பாடு இன்னும் மோசம். வெள்ளைப்புள்ளி வைரஸை வளர்த்துப் பார்க்க நிலையான இறால் செல் லைன் இன்னும் கைகூடவில்லை.)

சென்னையில் உள்ள சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம்) வி.என்.என்.னுக்குத் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. ஆனால் அது நோய் வருமுன் போடுவது.

சரி, இப்போது? பிழைத்த குஞ்சுகளை வேறு குளத்துக்கு மாற்றாதீர்கள், விற்கவும் கூடாது. வைரஸை அவை சுமந்து திரியும். செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வலை, தொட்டி எல்லாவற்றையும் முதலில் தேய்த்துக் கழுவி, அப்புறம் குளோரின் போடுங்கள். அடுத்த தடவை முன்பணம் கொடுக்கும் முன், குஞ்சை நீங்களே தொட்டியிலிருந்து எடுத்து பி.சி.ஆர். பாருங்கள். விற்பவர் நீட்டும் சான்றிதழ் எந்தத் தொட்டிக் குஞ்சுக்கு எடுத்ததோ, யார் கண்டது.