ஒரு கேலன் எத்தனை பாத்? ஒவ்வொரு தளமும் ஏன் ஒரு விடை சொல்கிறது?

பாத் என்பது வேதாகமத்தில் வரும் பழைய எபிரெய திரவ அளவை. ஒரு அமெரிக்க கேலன் 0.172 பாத் என்று ஒரு தளமும், 0.096 என்று இன்னொரு தளமும் காட்டுவதாகச் சொல்லி, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தளமும் சரியாகத்தான் வகுத்திருக்கின்றன. முதலாவது ஒரு பாத்தை 22 லிட்டராக வைத்துக்கொண்டது, மற்றது சுமார் 39 லிட்டராக. தகராறு முழுக்க அந்த லிட்டர் எண்ணில்தான்.

எபிரெய அளவைகளுக்குள் பெரிய சிக்கல் கிடையாது. 12 லோக் ஒரு ஹின், 6 ஹின் ஒரு பாத், 10 பாத் ஒரு கோர். கோர் கணக்கு வேதாகமத்தின் எசேக்கியேல் 45-ஆம் அதிகாரத்தில் நேராகவே இருக்கிறது. தானியம் அளக்கும் எப்பாவுக்கும் பாத்துக்கும் ஒரே கொள்ளளவு என்பதும் அங்கேயே வருகிறது. லோக் வேதாகமத்தில் லேவியராகமம் 14-இல் மட்டும்தான் வரும்; அது ஹின்னில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது ரபிகளின், அதாவது யூத மத குருக்களின், மரபு. அப்புறம் ஓமர் வேறு, ஹோமர் வேறு. ஓமர் எப்பாவில் பத்தில் ஒன்று, ஹோமர் பத்து எப்பா. ஒரு எழுத்துப் பிசகினால் விடை நூறு மடங்கு மாறிவிடும்.

சரி, லிட்டர் எங்கிருந்து வருகிறது? 22 என்பது அகழாய்வு தந்த எண். டெல் பெய்த் மிர்சிம், லாகீஸ் ஆகிய இடங்களில் 'பாத்' என்று பொறித்த சாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றை வைத்து முழுச் சாடியின் அளவை ஊகித்து, தொல்லியலாளர் வில்லியம் ஆல்பிரைட் சொன்ன மதிப்பு சுமார் 22 லிட்டர். முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸோ ஒரு பாத் 72 செக்ஸ்டாரியஸ் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த ரோமானிய அளவு அரை லிட்டருக்குச் சற்று மேல், ஆகவே 39 லிட்டர்.

எனக்கு இவற்றைவிடச் சுவையாகத் தோன்றுவது ரபிகளின் வழி. அவர்கள் லோக்கை முட்டையால் அளந்தார்கள்: ஒரு லோக் ஆறு கோழிமுட்டைக் கொள்ளளவு. கூடவே யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத்தில், கட்டைவிரல் அகலத்தை அலகாக வைத்த கணக்கும் உண்டு. கால் லோக் என்பது 2 விரல் நீளம், 2 விரல் அகலம், 2.7 விரல் ஆழம். 18-ஆம் நூற்றாண்டில் பிராகா நகரத்து ரபி எசேக்கியேல் லண்டாவ் இரண்டையும் அளந்து பார்த்தார். விரல் கணக்கு, முட்டைக் கணக்கைப் போல இரண்டு மடங்கு வந்தது. மனிதனின் விரல் பெருத்திருக்காது, முட்டைதான் காலப்போக்கில் பாதியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்!

அந்தப் பிளவு இன்றும் தீரவில்லை. எருசலேமின் ரபி நாயே வழியில் கட்டைவிரல் அகலம் 2 செ.மீ.; கசோன் இஷ் என்று அழைக்கப்படும் இன்னொரு ரபியின் வழியினருக்கு 2.4 செ.மீ. வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். ஆனால் மூன்று பக்கமும் பெருக்கும்போது கால் லோக் ஒரு கணக்கில் 86 மி.லி., மற்றதில் 149 மி.லி. ஓய்வுநாள் திராட்சரசக் கிண்ணம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்ததுதான். எபிரெயத்தில் கிண்ணம் என்னும் 'கோஸ்' சொல்லின் எழுத்துகளை எண்களாகக் கூட்டினால் 86 வருகிறது என்பது முதல் தரப்புக்குப் பிடித்த சான்று. 'கோஸ் ஹகுன்', அதாவது தகுந்த கிண்ணம், என்று கூட்டினால் 150 என்பது மற்றவர்களின் பதிலடி. இந்த இரு வழிகளில் பாத் சுமார் 25 லிட்டர், அல்லது 43 லிட்டர்.

என்னைக் கேட்டால், வேதாகமம் வாசிக்க 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் சாலொமோனின் வெண்கலக் கடல்தொட்டி. 1 இராஜாக்கள் 7-இன்படி அதன் குறுக்களவு 10 முழம், உயரம் 5 முழம், பிடிக்கும் தண்ணீர் 2000 பாத். ஒரு முழத்தை 45 செ.மீ. என்று வைத்து உருளையாகக் கணக்கிட்டால் ஒரு பாத்துக்கு 18 லிட்டர் வருகிறது. 52 செ.மீ. நீள முழம் என்றால் 27 லிட்டருக்குச் சற்று அதிகம். எப்படி நீட்டினாலும் 39 லிட்டர் அந்தத் தொட்டியில் அடங்காது. 2 நாளாகமம் 4 இதே தொட்டிக்கு 3000 பாத் என்கிறது. 2000 தண்ணீருக்கு, 3000 குவித்து அளக்கும் தானியத்துக்கு என்று தல்மூத் சமாதானம் சொல்கிறது.

நம் பழைய தமிழ் வேதாகமத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதில் பாத் குடமாகவும், ஹின் படியாகவும், லோக் ஆழாக்காகவும் வரும். நம்மிடம் 8 ஆழாக்கு ஒரு படி, அங்கே 12 லோக் ஒரு ஹின். பலிக்கான 'காற்படி எண்ணெய்' நம் படிக்கு அரை லிட்டர்கூட வராது; உண்மையில் அது கால் ஹின், 22 லிட்டர் கணக்கில் 900 மில்லிக்கு மேல்.

மனக்கணக்குக்கு: ஒரு அமெரிக்க கேலன் ஏறக்குறைய ஒரு ஹின், ஆறு கேலனுக்குச் சற்றுக் குறைவாக ஒரு பாத். பிரிட்டிஷ் கேலன் என்றால் 15 லோக். மூன்றாவது தசமத்தை விட்டுவிடுங்கள், எந்த லிட்டரை எடுத்தீர்கள் என்பதை மட்டும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.